பழுது

எடை பார்க்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.
இந்த வேலையில் நான் முதலில் கற்றது இது.
தராசு அவ்வளவு நுட்பம்;
என் பெருமூச்சையும் தூசிக் கணக்கில் சேர்த்துவிடும்.

பதினோரு வருடமாக
டெல்லியின் காற்றை நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.
பட்பர்கஞ்சில் ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடி,
அதில் ஒரு தகரக் கூண்டு, உள்ளே இரையும் மோட்டார்.
தினமும் காலையில் ராவத் ஏணி ஏறி
வெள்ளைத்தாள் ஒன்றைப் பொருத்திவிட்டு
நேற்றையதை உறையிலிட்டுக் கொண்டுவருவார்.
நவம்பரில் அது அடுப்புக்கரி.
மே மாதத்தில் ராஜஸ்தான் மண்ணின் மஞ்சள்.
தீபாவளிக்கு மறுநாள் பெயரில்லாத ஒரு நிறம்.
நான் எண்ணை எழுதுவேன்.
நிறத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அழுதிருக்கிறேன். ஆய்வகத்தில் இல்லை, மெட்ரோவில்.
ஆதிரைக்கு ஆறு வயது. குழாயில் ஊதச் சொன்னார் மருத்துவர்.
முள் நூற்றிருபதில் நின்றது.
"இன்னும் பலமா" என்றேன்.
"அவ்வளவுதாம்மா இருக்கு" என்றாள்.
எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அந்த எண்
வைஷாலி நிலையம்வரை என்னோடு நின்றுகொண்டே வந்தது.

போன ஜூனில் வெயில் தாங்காமல் மோட்டாரே எரிந்தது.
துரையூரிலிருந்து தம்பி கேட்டான்:
"தெரிஞ்சும் ஏன் அங்கேயே கெடக்கற?"
தெரிந்தவள் போய்விட்டால் யார் நிறுப்பது என்று
வாய்வரை வந்தது.
பெருமை பேசுவதுபோல் இருக்கும், விழுங்கிவிட்டேன்.
வீட்டுக் கடனும் ஒரு காரணம்.

பிறகு செப்டம்பர். மூன்று நாள் விடாத மழை.
நான்காம் நாள் உறையைப் பிரித்தால்
தாள் வைத்தது வைத்தபடி.
மோட்டார் ஓடவில்லை போலும்.
பதிவேட்டில் எழுதினேன்: பழுது.

ராவத்துக்குக் கோபம் வந்துவிட்டது.
"ஓடியது மேடம், முழு நாளும் ஓடியது.
அந்த இரைச்சலில் தூக்கம் போனதென்று
வாட்ச்மேன் என்னைத் திட்டினான், கேட்டுப் பாருங்கள்."

ஒரு நாள் உலரவைத்தேன். மறுபடி தராசு.
மூச்சடக்கி நிறுத்தேன். இரண்டாம் முறை. மூன்றாம் முறை.
பத்தொன்பது.
ஒரு கனமீட்டர் காற்றில் பத்தொன்பது மைக்ரோகிராம் தூசி.

பழுது என்ற சொல்லின்மேல் கோடு கிழித்து
ஓரத்தில் கையொப்பமிட்டேன்.
கை கொஞ்சம் நடுங்கியது, வெட்கத்தில்.
நல்ல காற்று எதிரே வந்து நின்றபோது
அடையாளம் தெரியாமல்
இயந்திரத்தைச் சந்தேகித்திருக்கிறேன்.

மழைதான் கழுவியது, தெரியும்.
இரண்டே நாளில் எண் நூறைத் தாண்டிவிட்டது, அதுவும் தெரியும்.
இருந்தாலும் பத்தொன்பது நடந்தது.
இதே ஊரில், இதே தராசில், தேதியோடு.

இப்போதெல்லாம் மெட்ரோவில் ஒருத்தியை நினைத்துக்கொள்கிறேன்.
இன்னும் பிறக்காதவள்.
நாற்பது வருடம் கழித்து ஒரு நவம்பர் காலை
என் நாற்காலியில் உட்கார்ந்து உறையைப் பிரிக்கிறாள்
(முதுகு வலிக்காத வேறு நாற்காலி வாங்கியிருக்கட்டும்).
தாளில் லேசாகச் சாம்பல் பூத்திருக்கிறது.
நமக்கு அது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை.
அவள் திடுக்கிடுகிறாள்.
மோட்டார் புகைகிறதா, பார்த்து வா என்று
மாடிக்கு ஆள் அனுப்புகிறாள்.
பதிவேட்டைத் திறந்து எழுதுகிறாள்: பழுது.

வைக்கோலுக்கு விலை வைத்தவர்களை அவளுக்குத் தெரியாது.
காஜிப்பூர் குப்பைமலையைக் கூடை கூடையாகக் கரைத்தவர்களை,
எண்ணைக் குறைத்து எழுதச் சொன்ன நாளில்
பேனாவை மூடி வைத்த யாரோ ஒருவரை,
தெரியாது.
தெரியாமலே சலித்துக்கொண்டு
அவள் தேநீர் குடிக்கப் போகட்டும்.

நாளை ராவத் விடுப்பு. ஏணி நான் ஏறவேண்டும்.
ஆதிரையும் வருவேன் என்கிறாள்.
முகமூடி கழற்றக்கூடாது,
தாளை நடுவில் தொடக்கூடாது,
ஓரத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.